குழாயடி ஆல்பத்தின் நாலாவது பாட்டு

இங்கிலாந்துக்கு என்னைக் கூட்டிப்போகப் போவதில்லை என்று வெர்னல் சொன்னபோது நான் மாங்காய் தின்றுகொண்டிருந்தேன். உப்பும் மிளகுத்தூளும் தொட்டு. வாயில் இருந்ததைத் துப்புவதா விழுங்குவதா என்று தெரியவில்லை. விழுங்கினேன்.

"உனக்குப் பதிலா க்ளென்மோர் வர்றான்," என்றான்.

அவன் வீட்டு முற்றத்தில்தான் நாங்கள் மூன்று பேரும் பயிற்சி செய்வது வழக்கம். தகர வேலியில் முதுகைச் சாய்த்து வெர்னல். அவன்தான் முதல் குரல். பீர்ப் பெட்டி மேல் கிட்டாரோடு ஹோப்டன். அவனுக்குக் கீழ்க்குரல். எதிரே நான். எனக்கு மேல்குரல். பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய நாளிலிருந்து இதே மூன்று இடங்கள்.

"க்ளென்மோரா? மீன்காரி டாட்டி மகனா?"

"அவனேதான். மேல எட்டிப் பாடறப்ப உனக்குக் குரல் கிழியுது சீபா. போன மாசம் மே பென் ஊர்ல பாடினப்ப நீயே கேட்டிருப்ப. பூனை வாலை மிதிச்ச மாதிரி. முன்னாடி நின்ன பொம்பளை கைக்குழந்தையோட காதைப் பொத்தினா."

"அது ஹோப்டன் கிட்டாரைக் கேட்டுப் பொத்தினது."

"என்னை எதுக்குடா இழுக்கறீங்க," என்றான் ஹோப்டன்.

அதற்குப் பிறகு நான் சொன்னது நான் யோசித்துச் சொன்னதல்ல. "நாலாவது பாட்டைப் பாடினது நான்டா," என்றேன்.

இரண்டு வருடமாக அது உள்ளே கிடந்தது. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லும் அளவுக்கு நானே அதை நம்பியதில்லை. வெர்னல் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். எதற்கும் சிரிக்கிறவன் அவன். சொந்த அத்தையின் சாவில் பாதிரியார் தலையிலிருந்து டோப்பா நழுவியதைப் பார்த்துச் சிரித்து வெளியே துரத்தப்பட்டவன். அன்று அவன் சிரித்திருந்தால் நானும் சிரித்திருப்பேன், மாங்காயைத் தின்று முடித்திருப்பேன், க்ளென்மோர் கப்பலோ விமானமோ ஏறியிருப்பான்.

அவன் சிரிக்கவில்லை. "யார் சொன்னது?" என்று கேட்டான்.

இல்லை என்று சொல்லவில்லை. யார் சொன்னது என்று கேட்டான். எனக்குக் குழப்பம் பிடித்தது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

ஆல்பத்துக்குப் பெயர் 'குழாயடி'. எங்கள் சந்தின் முனையில் இருக்கும் பொதுக்குழாய்தான் அட்டையில் இருப்பது. அதன் பக்கத்தில் வெர்னல் நிற்பான். பின்னால் ஹோப்டன். அவனுக்கும் பின்னால் குழாய்க் கம்பம் மறைத்ததுபோக மீதி நான். பத்துப் பாட்டு. ஒன்பது பாட்டுக்கு நல்ல பெயர். நாலாவது பாட்டு 'வாளி'க்குத்தான் எங்கள் தீவு முழுக்கப் பைத்தியம் பிடித்தது. அதனால்தான் இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டார்கள். மூன்று பேருக்கு மட்டும்.

அந்தப் பாட்டு வந்த கதை இது. வறட்சி மாதங்களில் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. வாளியை வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போவோம். வாளி இருந்தால் ஆள் இருந்த மாதிரி. தேர்தல் சமயத்தில் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டவர்கள்கூட அடுத்தவன் வாளியைத் தொட்டதில்லை. அப்படி ஒரு தேர்தல் சமயத்தில், செருப்புத் தைக்கிற லெவி வாளியை வைத்துவிட்டு ஹாஃப் வே ட்ரீ கடைத்தெருப் பக்கம் போனவர் திரும்பவில்லை. பிணமும் கிடைக்கவில்லை. அவருடைய வாளி மட்டும் வரிசையில் நகர்ந்துகொண்டே இருந்தது. பின்னால் நிற்கிறவர்கள் அதை முன்னே தள்ளினார்கள். முறை வந்ததும் நிரப்பினார்கள். சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் வைத்தார்கள். மறுநாள் காலையில் அந்த வீட்டிலிருந்து யாரோ காலி வாளியைக் கொண்டுவந்து கடைசியில் வைத்தார்கள்.

முதல் அடியை வெர்னல் கட்டினான். "வாளி வரிசையில் நிற்குது, ஆளைக் காணோம்." இரண்டாவது அடி என்னுடையது. "தண்ணி வந்தாச்சு, யாரைக் கூப்பிட." அதில் சண்டை இல்லை. பாட்டு இருவருடையது என்று அவனே எல்லோரிடமும் சொல்வான். சண்டை குரல் பற்றியது.

பதிவு செய்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். மதியம் வெர்னல் 'வாளி'யைப் பாடினான். இது நிச்சயம், நான் பக்கத்தில் நின்றேன். பாடி முடித்த கையோடு அவன் பெண்டாட்டிக்கு வலி எடுத்துவிட்டது என்று ஆள் வந்தது. பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அவன் போனபிறகு டேப் போடுகிற பின்னக் என்பவர் அதைத் திருப்பிக் கேட்டுவிட்டு, குரல் ஆடுகிறது என்றார். "நீ ஒரு தடவை பாடு. அளவுக்கு. துணைக்குரலை அதுமேல ஏத்திக்கலாம். அவன் வந்து அதை அழிச்சுட்டுத் திரும்பப் பாடட்டும்." விளக்கை அணைத்தார்கள். அந்த ஸ்டுடியோவில் குரல் எடுக்கும்போது இருட்டில்தான் பாடுவோம், அது அங்கே வழக்கம். நான் பாடினேன். இதுவும் நிச்சயம். பிறகு நானும் ஹோப்டனும் துணைக்குரல் கொடுத்தோம். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வெர்னல் திரும்பி வந்திருக்கிறான். பெண் குழந்தை. வழியெல்லாம் வெள்ளை ரம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வந்து பாடினானா, நாற்காலியில் சாய்ந்தானா என்பதுதான் கேள்வி.

டேப்பில் நாலே டிராக். டிரம்மும் பேஸும் ஒன்றில், கிட்டாரும் ஆர்கனும் ஒன்றில், துணைக்குரல்கள் ஒன்றில். முதல் குரலுக்கு மிச்சம் இருப்பது ஒன்று. புதிதாகப் பாடினால் பழையது போய்விடும். ஆகவே எத்தனை பேர் பாடினாலும் மிஞ்சுவது ஒருவன். ரெக்கார்டு அச்சான பிறகு அந்த டேப்பையும் பார்க்க முடியாது. அதே தாளத்தின் மேல் வேறு ஒருவனைப் பாடவைத்து, பழைய குரலை அழித்துவிடுவார்கள். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு தாளத்தில் ஏழெட்டுப் பேர் பாடி ஏழெட்டு ரெக்கார்டு வரும். டேப் கிடைப்பது குதிரைக்கொம்பு, குரல் தெருவுக்குத் தெரு கிடைக்கும்.

ரெக்கார்டு வெளியானபோது நான் க்ளாரெண்டனில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ரம் கடையில்தான் முதல்முறை கேட்டேன். தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாரோ அந்நியன் பாடுவதுபோல் இருக்கும் என்பார்கள். எனக்கு அது அந்நியமாகக் கேட்கவில்லை, நன்றாகப் பழகிய குரலாக இருந்தது. அதனால் அது நான் இல்லை என்று முடிவு செய்தேன். அப்புறம் கடையிலிருந்து திரும்பும்போது பாதி வழியில் அந்த முடிவு சரியா என்று சந்தேகம் வந்தது. கரும்புக்காட்டில் இதையெல்லாம் யாரிடம் கேட்பது.

வெர்னல் வீட்டிலிருந்து திரும்பி ஐயோனியிடம் சொன்னேன். ஐயோனி என்னோடு இருப்பவள். கழுவிய துணியை வேலியில் விரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா பாடினது?" என்றாள்.

"இருக்கலாம்னு தோணுது."

"இருக்கலாமா? பல்லு புடுங்கினா புடுங்கினது யார் பல்லுன்னு தெரியாதா?"

"பல்லுன்னா வலிக்கும்."

அவள் ஒரு சட்டையை உதறினாள். "இங்க பாரு சீபர்ட். அந்தப் பாட்டைக் கேட்டுட்டுத்தான் நான் இந்தச் சந்துக்கே வந்தேன். பாடினவனைப் பாக்கணும்னு. வெர்னலுக்குக் கல்யாணம் ஆயிருந்துச்சு. பக்கத்துல நீ நின்ன. சரி, கடையில கேட்டது இல்லைன்னா இருக்கறதை வாங்கிட்டு வர்றதில்லையா, அப்படி."

"இப்ப நான்தான் அவன்னா?"

"அப்ப நான் ஏமாறலைன்னு அர்த்தம். ஆனா ஏமாந்ததா நெனச்சே பழகிட்டேன். அதையும் இதையும் சொல்லிக் குழப்பாத."

மறுநாள் காலை வெர்னலே என் வாசலுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது. "வா, பின்னக்கைப் போய்ப் பாக்கலாம்," என்றான். நான் அவனை இழுத்துக்கொண்டு போகவேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவன் என்னைவிட வேகமாக நடந்தான்.

பின்னக் இப்போது ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டுச் ஆட்டங்களுக்குப் பாட்டுப் போடச் சொந்தமாக ஸ்பீக்கர் பெட்டிகள் வைத்திருக்கிறார். ஆள் உயரப் பெட்டிகள், ஒரு லாரிக்கு அடங்காது. நாங்கள் போனபோது முற்றத்தில் அவற்றை வெயிலில் காயவைத்து, எலி கடித்த ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். நாங்கள் கேட்டதும் ஒயரைக் கீழே போடவில்லை.

"யார் பாடினதா? எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கதானே டேப் போட்டீங்க," என்றேன்.

"விளக்கு அணைஞ்சிருந்துச்சு. எனக்கு மெஷின்ல சத்தம் காட்டற ஊசிதான் தெரியும். ஊசி ஆடினா யாரோ பாடறாங்க. ஆடலைன்னா யாரும் பாடலை. அன்னிக்கு ஊசி ஆடிச்சு."

"சாயங்காலம் நான் வந்து பாடினேனா?" என்று வெர்னல் கேட்டான்.

பின்னக் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீ பாடினியான்னு நீ என்னைக் கேக்கறியா?"

"கேக்கறேன்."

"வந்த. என்னைக் கட்டிப்பிடிச்சு அழுத. குழந்தைக்கு என் பேரை வைக்கப்போறேன்ன. பொண்ணுக்கு எப்படிடா என் பேரை வைப்பன்னு கேட்டேன். அப்புறம் உள்ள போன. ரொம்ப நேரம் உள்ள இருந்த. நான் டேப்பை ஓட்டினேனா இல்லையா... அன்னிக்கு வேற நாலு பாடகனுங்க வாசல்ல நின்னுட்டிருந்தானுங்கடா."

மறுபக்கத்தைப் போட்டுக் கேட்கலாம் என்று வெர்னல்தான் சொன்னான். 'வாளி' தனி ரெக்கார்டாகவும் வந்திருந்தது; அதன் மறுபக்கத்தில் அதே பாட்டு குரலை எடுத்துவிட்டு வரும், வெறும் தாளத்துக்காக. ஆனால் பின்னக் குரலை முழுதாக எடுக்கமாட்டார். அங்கங்கே ஒரு துண்டு விடுவார். ஓரிடத்தில் டிரம், பேஸ், கிட்டார் எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு வரிக் குரலை மட்டும் அம்மணமாக விட்டிருந்தார். அதைத் தனியாகக் கேட்டால் தெரியாமல் போகாது என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

பின்னக் ஒரு பெட்டிக்கு மட்டும் உயிர் கொடுத்தார். முதலில் பேஸ், வயிற்றில். பிறகு எல்லாம் நின்றது. குரல் மட்டும் வந்தது.

"வாளி வரிசையில்..." அங்கே ஒரு மூச்சு. "...நிற்குது, ஆளைக் காணோம்."

வெர்னல் கையைத் தூக்கினான். "நிறுத்துங்க. அந்த மூச்சு. அது என்னுது."

உண்மைதான். வெர்னலுக்குச் சின்ன வயதில் நெஞ்சுச்சளி. ஒரு வரியை ஒரே மூச்சில் அவனால் பாடமுடியாது. எந்தப் பாட்டிலும் நடுவில் ஒருமுறை மூச்சு இழுப்பான். ஊரில் யாரும் அங்கே மூச்சு விடமாட்டார்கள்.  சரி, அவன்தான், வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். நாலு அடி நடந்தும்விட்டேன்.

அப்புறம் நின்றேன்.

"நானும் அங்கதான் மூச்சு விடுவேன்," என்றேன்.

"உனக்கு எதுக்கு? உனக்கு நெஞ்சு நல்லாத்தானே இருக்கு."

"உனக்காகத்தான்டா. நீ எங்க விடறியோ அங்க நானும் விடணும். நீ இழுக்கறப்ப நான் பாடிட்டிருந்தா துணைக்குரல் தனியா துருத்திட்டு நிக்கும். அதுதானே என் வேலை."

ஹோப்டனுக்கும் அதே வேலைதான், அவனும் அங்கேதான் மூச்சு விடுவான். துணைக்குரல் என்றாலே அதுதான். முதலில் சுருதியைப் பிடிக்கக்கூடாது, முன்னால் நிற்கிறவனின் மூச்சைப் பிடிக்கவேண்டும். எத்தனையோ வருடம் அவன் நெஞ்சுச்சளிக்கு நான் மூச்சு விட்டிருக்கிறேன். என் மூச்சு எங்கே வரும் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. எனக்கென்று ஒரு இடம் இருந்ததா என்பதும் தெரியாது.

பின்னக்குக்கு இதில் சுவாரசியம் பிறந்துவிட்டது. "திரும்பிக்கறேன். ரெண்டு பேரும் அந்த ஒரு வரியைப் பாடுங்க. ஒருத்தன் மாத்தி ஒருத்தன் பாடுங்க. யார் முதல்லன்னு சொல்லாதீங்க."

வேலியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வெர்னல் பாடினான். நான் பாடினேன். திரும்ப நான் பாடினேன். வெர்னல் பாடினான்.

"சரி. இப்ப அடுத்தவன் பாடட்டும்," என்றார் பின்னக்.

"ரெண்டு பேரும் பாடியாச்சு."

"ஒருத்தன்தானேடா திரும்பத் திரும்பப் பாடினான்?"

வெர்னல் பக்கத்தில் கிடந்த பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். சட்டைப் பையிலிருந்து சிகரெட் எடுத்தான், பற்றவைக்கவில்லை.

"ஒன்னு சொல்றேன். வெளிய சொல்லாத," என்றான். "ரெக்கார்டு வந்தப்ப எனக்கு அந்தப் பாட்டு எப்படிப் பாடினேன்னே ஞாபகம் வரலை. மதியம் பாடினது ஞாபகம் இருக்கு, ஆனா அது வேற மாதிரி. அவ்வளவு நிதானமா பாடலை. மேடையில பாடணுமே. வீட்டுல ரெக்கார்டைப் போட்டுப் போட்டுக் கேட்டு அதே மாதிரி பழகிக்கிட்டேன். என் பொண்டாட்டி கேட்டா, உன் பாட்டை நீயே எதுக்குப் படிக்கறன்னு."

"இதை ஏன்டா நீ சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? என் குரல் எனக்கு வரமாட்டேங்குதுன்னா?"

"அப்ப க்ளென்மோர்?"

அவன் சிகரெட்டைத் திரும்பப் பையில் போட்டான். அவன் என்னை எதற்காகக் கழற்றிவிடப் பார்த்தான் என்பது எனக்கு அப்போது இரண்டு விதமாகவும் பட்டது. என் குரல் கிழிகிறது, அது ஒன்று. அந்தப் பாட்டைப் பாடும்போதெல்லாம் நான் பக்கத்தில் நிற்பது அவனுக்குப் பிடிக்கவில்லை, அது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். கேட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்காது.

"ஈஸ்டர் திங்கட்கிழமை ஓல்ட் ஹார்பர்ல பாடறோம் இல்ல," என்றான் கடைசியில். "'வாளி'யை நீ பாடு. முதல் குரல். நான் உன் இடத்துல நிக்கறேன். க்ளென்மோரும் வரட்டும், ஓரமா நின்னு கேக்கட்டும். அந்தக் குரல் வந்துச்சுன்னா அது நீதான், நீதான் இங்கிலாந்துக்கு வர்ற. வரலைன்னா வாயை மூடிக்கிட்டு வீட்டுல இரு. சரியா?"

"சரி," என்றேன். பின்னக் ஒயருக்குத் திரும்பிவிட்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க நான் பாடவே இல்லை. பாடிப் பார்க்கலாம் என்று வாயைத் திறப்பேன். பாடினால் வரும். வருவது என்னுடையதா, ரெக்கார்டைக் கேட்டு ஒட்டிக்கொண்டதா என்று தெரியாது. மூடிவிடுவேன். ஐயோனி வறுத்த மீனைத் தட்டில் போட்டுவிட்டு, "தேன் குடி, இஞ்சி குடி, ஏதாவது குடி, இப்படி வாயைத் தெறந்து தெறந்து மூடாத, மீனு உன்னைப் பாத்து பயப்படுது," என்றாள்.

ஈஸ்டர் திங்கட்கிழமை மதியம் நல்ல வெயில். ஓல்ட் ஹார்பரில் கால்பந்து மைதானத்தைச் சுற்றித் தகரம் அடித்து மேடை போட்டிருந்தார்கள். சந்திலிருந்து பாதிப் பேர் வந்திருந்தார்கள். உள்ளே வந்தவர்களைவிடத் தகரத்துக்கு வெளியே மரத்தில் ஏறியவர்கள் அதிகம். பன்னும் சீஸும் தின்றுகொண்டு குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஓரத்தில் க்ளென்மோர் நின்றான். புதுச் சட்டை. நல்ல பையன், அவன் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. என்னைப் பார்த்து, "அண்ணே, நல்லா பாடுங்க," என்றான். கிண்டலா என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. அதுவும் குழப்பமாகத்தான் இருந்தது.

மூன்று பாட்டு எப்போதும்போல் போனது. பிறகு வெர்னல் நடு மைக்கை விட்டு என் பக்கம் வந்தான். நான் நடுவுக்குப் போனேன். ஹோப்டன், "என்னமோ பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு அவன் இடத்திலேயே நின்றான். கூட்டத்தில் சலசலப்பு. பேஸ் ஆரம்பித்தது. அதைக் கேட்டதும் எல்லாருக்கும் இது என்ன பாட்டு என்று தெரிந்துவிட்டது.

என் இடம் வந்தது. வாயைத் திறந்தேன். வெளியே வந்தது மேல்குரல்.

நான் முடிவு செய்து பாடியதல்ல. அந்த பேஸ் வந்தால் என் தொண்டை போகிற இடம் அது, கால் தானாக வீட்டுக்குப் போகிற மாதிரி. பக்கத்தில் வெர்னல் சொன்ன சொல் தவறாமல் என் இடத்தில் நின்று, என் மேல்குரலைப் பாடினான். அந்தப் பக்கம் ஹோப்டன் கீழ்க்குரல். நடுவில் ஆள் இல்லை. வீட்டுக்குக் கூரையும் தரையும் இருக்கிறது, சுவர் இல்லை. அப்படி நின்றது பாட்டு.

கூட்டம் ஒரு நிமிடம் முழித்தது. பிறகு அவர்களே பாட ஆரம்பித்தார்கள். வேண்டுமென்றே இடம் விட்டிருக்கிறோம், தங்களைத்தான் பாடச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் முதல் குரலில். வாளி வரிசையில். அவர்களும் அதே இடத்தில் மூச்சு விட்டார்கள். மரத்தில் இருந்தவர்கள்கூட. ரெக்கார்டைக் கேட்டு மைதானம் முழுக்க நெஞ்சுச்சளி வந்த மாதிரி.

நான் வெர்னலைப் பார்த்தேன். அவன் என்னை முறைத்தான். பாடுடா என்று கண்ணால் சொன்னான். என்னால் மாற்ற முடியவில்லை. முதல் அடி முடிவதற்குள் தகரத்தை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கையால், கல்லால், செருப்பால். இங்கே ஒரு பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டால் அதை முடிக்க விடமாட்டார்கள். தகரத்தை அடித்தால் நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாடவேண்டும். டிரம் அடிப்பவன் நிறுத்தினான். எல்லாம் நின்றது.

வெர்னல் என் காதருகே வந்தான். "என்னடா பண்ற?"

"மேல போயிடுச்சு."

"மேலதான் நான் இருக்கேனே. நடுவுல பாடு."

"தெரியும்."

"உன்னால முடியாது. நான் பாடறேன்."

"பாடறேன், விடு."

பேஸ் திரும்ப வந்தது. இந்தமுறை நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஸ்டுடியோ இருட்டை நினைத்துக்கொண்டேன். வாயைத் திறந்தபோது மேலே போகவில்லை. நேராக நடுவில் இறங்கியது. பெட்டிகளிலிருந்து ரெக்கார்டில் இருக்கிற அதே குரல் வந்தது. அதே நிதானம், கொஞ்சம் கரகரப்பு, எல்லாம்.  நான்தான் என்று நினைத்தேன். ஒரு முழு வரி வரைக்கும் உலகத்தில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

கண்ணைத் திறந்தேன். வெர்னலும் முதல் குரலைப் பாடிக்கொண்டிருந்தான். என்னை நம்பாமல் உள்ளே இறங்கிவிட்டான். இரண்டு வாயும் ஒன்றாக அசைந்தன, பெட்டியில் வந்தது ஒரே ஆள். நான் குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பார்த்தேன். பெட்டியில் எதுவும் மாறவில்லை. அவனும் அதே நேரத்தில் தாழ்த்தியிருந்தால் மாறியிருக்கவேண்டும். தாழ்த்தவில்லை என்றால் அது அவன் குரல். ஆனால் கூட்டமும் பாடிக்கொண்டிருந்தது. எது எங்கிருந்து வருகிறது என்று எதை வைத்துச் சொல்வது. அவன் முகத்திலும் அதே கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே கடைசி வரை பாடினோம். மக்கள் அதை அன்பு என்று நினைத்திருப்பார்கள்.

மேடைக்குப் பின்னால் லாரியின் நிழலில் க்ளென்மோர் காத்திருந்தான். வெர்னல் வியர்வையைக்கூடத் துடைக்காமல் அவனிடம் போனான்.

"நீ ஓரமா நின்னு கேட்ட இல்ல. சொல்லு. யார் குரல் அது?"

க்ளென்மோர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அண்ணே, மன்னிச்சுக்கோங்க. நானும் சேந்து பாடிட்டு இருந்தேன். கேக்கலை."

ஹோப்டன் சிரித்தான். அன்றைக்குச் சிரித்த ஒரே ஆள் அவன்தான். லாரிப் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி மணலை உதறினான். "இன்னொரு தடவை பாடிப் பாப்பீங்களா? நான் வரலை. எனக்குப் பசிக்குது."

வெர்னல் க்ளென்மோரை ஓரமாகக் கூட்டிப்போனான். என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. பையன் தலையை ஆட்டினான், என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான், கடற்கரைப் பக்கம் நடந்துபோனான். புதுச் சட்டை முதுகில் நனைந்திருந்தது.

வெர்னல் திரும்பி வந்தான். "பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்க," என்றான்.

"அப்ப அது நான்தான்னு ஒத்துக்கறியா?"

"இல்லை."

"நீதான்னு சொல்றியா?"

"அதுவும் சொல்லலை."

"பின்ன எதுக்கு என்னைக் கூட்டிட்டுப் போற?"

அவன் லாரியின் பக்கப் பலகையில் முதுகைச் சாய்த்தான். "உன்னை இங்க விட்டுட்டுப் போனா நீ ஊர் பூரா உன் குரல்னு சொல்லிட்டுத் திரிவ."

"வந்தா?"

"அங்க வந்து சொல்லு. அங்க நம்மளை யாருக்குத் தெரியும்."

"அங்க யாரு பாடறது? 'வாளி'யை?"

  நான் கேட்டது இங்கிலாந்தை அல்ல, அந்தக் குரலை. அதைத் திரும்பக் கொடுத்துவிட்டு நான் கேட்டதை வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். கொடுப்பதற்கு யாரிடமும் அது இல்லை என்பது அடுத்த நொடியில் தெரிந்தது.

"ஹோப்டனைப் பாட வெப்போம்," என்றேன்.

"எனக்கு அந்தப் பாட்டே பிடிக்காது," என்றான் ஹோப்டன். ஷூவை மாட்டிக்கொண்டு, வறுத்த கோழி எங்கே கிடைக்கும் என்று பார்க்கப் போனான். வெர்னலும் நானும் கொஞ்சம் இடைவெளி விட்டு அவன் பின்னால் நடந்தோம்.